திரும்பி வரும்போதுதான் கனம்

தப்பா நெனைக்காதீங்க தம்பி. பஸ் ஸ்டாண்டுல நீங்க ஏறும்போதே பார்த்தேன். பையோட கனம் பூரா உங்க தோள்ல கெடக்கு. இடுப்புல ஒரு வார் தொங்குதே, அது அழகுக்கு வச்சதில்ல. அதை இறுக்கிக் கட்டணும். கனம் இடுப்புல எறங்கணும், தோளு சும்மா பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும். எறங்கும்போது கட்டிப் பாருங்க, பாதி கனம் காணாமப் போயிரும். மணிமுத்தாறுக்கா? கூட்டாளிகளோடயா? நல்லாப் போயிட்டு வாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் பை வியாபாரம் பண்ணினவன். பேரு சொக்கலிங்கம். திருநெல்வேலி டவுன்ல, வாகையடி முக்குக்குப் பக்கத்துல கடை. பள்ளிக்கூடப் பை, டிரங்குப் பெட்டி, ரெக்ஸின் பை, எல்லாம் உண்டு. ஜூன் மாசம் கடைக்குள்ள நிக்க எடம் இருக்காது. தையல் பிரிஞ்சு போச்சுன்னு ஒருத்தர் திரும்பி வந்தா எனக்கு அன்னைக்குச் சோறு எறங்காது. ஒண்ணே ஒண்ணுதான் கடையில கெடையாது. தோல் பை. நாங்க சைவம். உயிரை உரிச்சுச் செஞ்சதை வித்து அதுல வார பணத்துல சாப்பிட மனசு வரல. நல்ல லாபம் உள்ள சாமான்தான், எல்லாரும் சொன்னாங்க. நான் தொடல.

இப்ப கடை இல்ல. வீட்டுக்காரி போனதோட மூடிட்டேன்.

மகன் ஒருத்தன். குற்றாலநாதன். நாதன்னு கூப்பிடுவோம். நியூசிலாந்துல இருக்கான், பால் பவுடர் செய்யுத கம்பெனியில இஞ்சினியர். அங்க உள்ளவங்க வாயில நாதன் நுழையல, நேத்தன்னு கூப்பிடுதாங்க. பேரையே மாத்திட்டாங்க பாத்தீங்களா. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

மருமக பொற்கொடி, நர்ஸு. தங்கமான பிள்ளை. பேத்தி ஒருத்தி. எங்க வீட்டுக்காரி பேரு கோமதி, அதுல பாதியை எடுத்து மதின்னு வச்சிருக்காங்க. நல்லாத் தமிழ் பேசுவா. அவ தமிழ் பேசினதாலதான் எல்லாமே வெளிய வந்துச்சு. அதைச் சொல்லுதேன்.

கோமதி போனது கொரோனா சமயம். பிளேன் கெடையாது, அந்த நாட்டுக் கதவையே பூட்டிட்டாங்க. நாதன் வர முடியல. என் அண்ணன் மகன்தான் கொள்ளி வச்சான். நாதன் போன்ல பார்த்துக்கிட்டு இருந்தான். சிந்துபூந்துறை சுடுகாட்டுல சிக்னலு சரியாக் கெடைக்காது. பாதியில படம் நின்னு போச்சு. அவங்க அம்மா முகத்தை மூடுததை அவன் பார்த்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல, அவனும் சொல்லல.

அன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணினான். ஒரே அழுகை. பேச்சே வரல. நான்தான் தைரியம் சொன்னேன். 'ஆம்பளப் பிள்ள அழலாமாடே? போன உசுரு அழுதா வருமா? போயி வேலையப் பாரு'ன்னு சொல்லிப் போனை வச்சுட்டேன். பெறகு அவன் அழல. நானும் அழல. அந்த மட்டுக்கும் தைரியமான பிள்ளைதான்.

அதுக்கப்புறம் என்னமோ ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. கோமதி இருந்த காலத்துல போனு அவ கையில இருக்கும். நான் பக்கத்துல இருந்து, 'நான் கேட்டேன்னு சொல்லு'ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு. இப்ப நேரடியாப் பேசணும்னா எதைப் பேச? அங்க மழையான்னு கேப்பேன். ஆமாம்பான். இங்க மழை இல்லைன்னு சொல்லுவேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடிச்சுக்கிட்டு இருப்போம். பெறகு வச்சுருவோம்.

அப்படியே ரெண்டு வருஷம் ஓடிட்டு. ஒரு ஞாயித்துக்கிழமை போன் வருது. நான் அப்பத்தான் காபி போட்டுட்டு உக்காருதேன். அவனுக்கு அது சாயங்காலம்.

'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்'ன்னான்.

எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. வேலை கீலை போயிட்டோ, புருசன் பொஞ்சாதிக்குள்ள எதுவுமோன்னு.

'ஒரு பை வாங்கணும்ப்பா. எதை வாங்கன்னு தெரியல.'

தம்பி, அவன் பொறந்ததுல இருந்து என் தொழில்ல ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டதில்ல. கடை நெறைய பையி. அவங்க மாமா சென்னையில இருந்து வாங்கிட்டு வந்த பையைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவான். கடைக்காரன் மகன்னு பிள்ளைகள் கேலி பண்ணுமாம். எனக்கு வருத்தம்தான், காட்டிக்கிட்டதில்ல. அந்தப் பிள்ளை இப்ப கடல் தாண்டிப் போயி உக்காந்துக்கிட்டு, அப்பா எந்தப் பை வாங்கன்னு கேக்கான். காபி ஆறிப் போச்சு. நான் குடிக்கவே இல்ல.

'எதுக்குடே பை?'ன்னேன்.

'ரெண்டு வேலைக்கு ஆகணும்ப்பா. ஒண்ணு, பொற்கொடி, மதியைக் கூட்டிக்கிட்டு ஏரிக்கரையில கூடாரம் போட்டுத் தங்குறதுக்கு. இங்க எல்லாரும் போவாங்க. இன்னொண்ணு, நான் தனியா மலைக்குப் போறதுக்கு.'

'மலைக்குப் போகும்போது கனம் எவ்வளவு?'

'போகும்போது ஒண்ணும் இல்லப்பா. ரொட்டி, தண்ணி, மழைக் கோட்டு. திரும்பி வரும்போதுதான் கனம்.'

எனக்குப் புரியல. எல்லாரும் மலைக்குக் கனமாப் போவாங்க, தின்னு தீர்த்துட்டு வெறும் பையோட வருவாங்க. இவன் தலைகீழாச் சொல்லுதான். 'அங்க இருந்து என்னத்தைடே கொண்டு வருவே?'ன்னு கேட்டேன்.  'கெடைக்கிறதைக் கொண்டு வருவேன்ப்பா'ன்னான். நான் என்ன நெனச்சேன்? தேனு, விறகு, இல்ல நல்ல கல்லு கில்லு கெடைக்கும் போலன்னு நெனச்சேன். பேத்தி கல்லு பொறுக்கி வீட்டை நெறைச்சு வச்சிருக்கான்னு பொற்கொடி சொல்லியிருந்தா. மேல கேக்கல. பைன்னு வந்துட்டா எனக்கு அளவும் கனமும்தான் கணக்கு. உள்ள என்ன இருக்குன்னு நான் யார்கிட்டயும் கேட்டதில்ல.

ஒரு மாசம் தம்பி. தெனமும் பேசினான். நான் காலையில குளிச்சு, விபூதி பூசிக்கிட்டு, போனைப் புஸ்தகத்துல சாத்தி வச்சுக்கிட்டு உக்காந்துருவேன். அவன் வேலையில இருந்து போற வழியில கடைக்குப் போயி, பையைக் காட்டுவான். நான், 'வாரை உள்பக்கமாத் திருப்புடே, தையலைக் காட்டு'ன்னு சொல்லுவேன். வாரு பையில சேருத எடத்துல குறுக்குத் தையல் போட்டிருக்கணும். அதுலதான் பை உசுரு இருக்கு. ஜிப்பை நனைச்ச கையால இழுத்துப் பார்க்கச் சொல்லுவேன். கடைக்கார வெள்ளைக்காரப் பிள்ளை சிரிக்குமாம். 'எங்க அப்பா பை வியாபாரி'ன்னு அதுக்கிட்ட சொன்னானாம். என்கிட்டயே சொன்னான். 'சொன்னியாடே?'ன்னு கேட்டேன். 'ஆமாப்பா'ன்னான். பள்ளிக்கூடத்துல சொல்லாததை அங்க போய்ச் சொல்லியிருக்கான்.

கடைசியில நான்தான் வழி சொன்னேன். 'ஒரே பையை வாங்காத, ரெண்டு வேலையையும் கெடுத்துரும். ரெண்டு பையும் வாங்காத, ஒண்ணு தூசி படிஞ்சு கெடக்கும். பிரேம் ஒண்ணு வாங்கு, முதுகுல மாட்டுத கம்பிச் சட்டம். முதுகு அளவுக்கு நல்ல கெட்டியான பிரேம், இடுப்புல அகலமான பெல்ட்டு. அதுல பையைக் கழட்டி மாட்டுத மாதிரி இருக்கணும். தனியாப் போகும்போது சின்னப் பை. பிள்ளைகளோட போகும்போது பெரிய பை. பிரேமுக்கு அடியில மடக்குத தட்டு ஒண்ணு இருக்கணும், கனமான சாமானை அதுல வச்சு முதுகோட ஒட்டிக் கட்டிரு. கனம் முதுகை விட்டுத் தள்ளி நின்னா ஆளைப் பின்னால இழுக்கும்'ன்னேன்.

இன்னொண்ணும் சொன்னேன். 'உள்ள கழட்டித் தொவைக்குத மாதிரி ஒரு உறை வை. பிள்ளை இருக்குத வீடு, பாலு கீலு கொட்டும்.'

அந்தப் பக்கம் சத்தத்தைக் காணோம். லைன் கட்டாயிட்டோன்னு பார்த்தேன். பெறகு, 'ஆமாப்பா, அது ரொம்ப முக்கியம்'ன்னான்.

நெறத்துக்குத்தான் சண்டை. பிள்ளை கண்ணுக்கு நல்லா இருக்கும், சிவப்பு வாங்குன்னேன். அவன் காஞ்ச புல்லு நெறத்துலதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான். அழுக்குத் தெரியாதுன்னு நானும் விட்டுட்டேன்.

பை வந்த அன்னைக்கு மாட்டிக்கிட்டுப் போனுல காட்டினான். முன்னால, பின்னால திரும்பி நின்னான். சின்னப் பிள்ளை தீவாளிச் சட்டையைக் காட்டுத மாதிரி. 'அப்பா, நீங்க வந்து பாக்கணும்ப்பா, வாங்கப்பா'ன்னான். அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. நான் போனேன்.

அங்க என்னைத் தாங்கினாங்க தம்பி, பொய் சொல்லக் கூடாது. எனக்குன்னு புதுசாப் பாத்திரம், புதுசா அடுப்பு. அடுக்களையில இருந்த பெரிய ஐஸ் பெட்டியைத் தூக்கிக் கார் நிறுத்துத எடத்துல வச்சுப் பூட்டிட்டாங்க. அது எதுக்குன்னு கேட்டேன், 'அது பழசு மாமா'ன்னா பொற்கொடி. பக்கத்துலயே ஒரு இரும்பு அலமாரி, அதுக்கும் பெரிய பூட்டு. நகையெல்லாம் பத்திரமா வச்சிருக்கான், பொறுப்பு வந்துட்டுன்னு எனக்குச் சந்தோசம். அதுக்கு மேல சொவத்துல நம்ம பிரேம் தொங்குது. நான் போயித் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பெல்ட்டு நல்லாப் பழகியிருந்துது. இவன் நெறையத் தடவை மலைக்குப் போயிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு சனிக்கிழமை எல்லாருமா ஏரிக்குக் கெளம்பினோம். கார் போகாத எடத்துல கொஞ்ச தூரம் நடக்கணும். பெரிய பையை மாட்டினான். கூடாரம், சட்டி, அரிசி, எல்லாம் அதுக்குள்ள. நான் உக்கார மடக்கு நாற்காலி ஒண்ணு வாங்கியிருந்தான், அதை வெளியில கட்டினான். என் விபூதிச் சம்புடமும் ருத்திராட்சமும் மேல் பையில, 'அப்பாவோடதைத் தனியா வைக்கேன்'ன்னு சொல்லி வச்சான். நான் கையை வீசிக்கிட்டு நடந்தேன். மதி கால் வலிக்குன்னா. பையைக் கழட்டி எங்கிட்ட நிறுத்திட்டு, பிரேம் தட்டுல அவளை உக்கார வச்சுக் கொஞ்ச தூரம் தூக்கிட்டுப் போயிட்டு, திரும்பி வந்து பையைத் தூக்கிட்டுப் போனான். மூச்சு வாங்கல. நான் சொன்ன மாதிரி பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தான். அன்னைக்கு அந்த ஏரியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன், கோமதி இதைப் பாக்காமப் போயிட்டாளேன்னு நெனச்சேன். அவ்வளவு நல்ல நாளு.

மத்தியானம் ஒரு வெள்ளைக்காரரும் அவர் வீட்டம்மாவும் வந்தாங்க. கிரஹாம்னு பேரு, நாதன் கூட வேலை பாக்குத ஆளு. என் வயசு இருக்கும். வந்தவரு நேரா என்கிட்ட வந்து ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆட்டுதாரு. மடமடன்னு என்னமோ சொல்லுதாரு. எனக்கு அவங்க இங்கிலீஷு பிடிபடாது. நாதன் தண்ணி எடுக்கப் போயிருந்தான். பொற்கொடி அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருக்கா. மதிதான் பக்கத்துல நின்னா.

'என்னம்மா சொல்லுதாரு?'ன்னு கேட்டேன்.

'தாத்தா, பை வாங்கச் சொன்னது நீங்கதானான்னு கேக்கிறாங்க. ரொம்ப நல்ல பையாம். கிரஹாம் மாமாவும் அதையே வாங்கப் போறாங்களாம்.'

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. வெள்ளைக்காரன் வந்து என் தொழிலைப் பாராட்டுதான். 'நன்றின்னு சொல்லு'ன்னேன்.

'அப்பா முழு மானையும் அதுலயே தூக்கிட்டு வந்துட்டாங்களாம் தாத்தா. தோளே வலிக்கலையாம்.'

'எந்த மானும்மா?'

'அப்பா சுட்ட மான் தாத்தா. கால், தொடை எல்லாம் வெட்டி, துணியில சுத்தி, நான் உக்காந்தேன்ல, அந்தத் தட்டுல வச்சுக் கட்டிட்டு வருவாங்க.'

பிள்ளை சந்தோசமாச் சொல்லுதா. அந்த ஆளும் சிரிச்ச முகத்தோட நிக்காரு. பொற்கொடி கரண்டியைப் பிடிச்சபடி அப்படியே நிக்கா. நான் எந்திரிச்சேன். மேல் பையைத் தொறந்து சம்புடத்தையும் ருத்திராட்சத்தையும் எடுத்தேன். ஏரியில எறங்கி வேட்டியோட முங்கினேன். உறைபனி மாதிரித் தண்ணி. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கு. ஏறி வந்து நனைஞ்ச வேட்டியோடயே கார் இருந்த பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டேன்.

நாதன் ஓடி வந்தான். துண்டைக் கொண்டாந்து போத்தப் பார்த்தான். தட்டி விட்டேன்.

'அப்பா, உள்ள உறை வேறப்பா. நல்லாத் தொவைச்சு, வெயில்ல போட்டு, உங்களுக்காகப் புதுப் பையைத்தான் மாட்டியிருக்கேன். பிரேம் மட்டும்தான் அதே பிரேம்.'

'அந்தப் பிரேமைத்தானடே நான் தேடித் தேடிச் சொன்னேன்.'

'இங்க மான் அதிகம்ப்பா. காட்டையே தின்னு அழிக்குது. சட்டப்படி அனுமதி வாங்கித்தான் எல்லாரும் போறோம்.'

'சட்டம் இருந்துட்டுப் போகுது. நீ யாரு வீட்டுப் பிள்ளை? தோலைத் தொட்டுச் சம்பாதிக்க மாட்டேன்னு இருந்தவன் வாயாலயே, பொணத்தை எப்படிக் கட்டித் தூக்கணும்னு கேட்டு வாங்கியிருக்கியேடே.'

தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். பெறகு மெதுவா, 'சொல்லியிருந்தா நீங்க பேசியிருப்பீங்களாப்பா?'ன்னான்.

'பேசியிருக்க மாட்டேன்.'

'அதான்ப்பா.'

அதான்னு ஒரே வார்த்தை. அதான்னா என்ன அர்த்தம் தம்பி? கேட்டாத் தர மாட்டீங்க, அதான் திருடினேன்னு ஒருத்தன் சொல்லுத மாதிரி இருக்குல்லா? எனக்கு ஆத்திரம் தாங்கல. 'உங்க அம்மாவுக்குக் கொள்ளி வைக்க நீ வராமப் போனதே நல்லதுடே. உசுரை அறுக்குத கையால அவளுக்கு நெருப்பு வைக்காண்டாம்'ன்னேன்.

தப்பா ஒண்ணும் சொல்லலையே. மனசுல பட்டதைச் சொன்னேன்.

அவன் திரும்பிப் போயி ஒவ்வொண்ணா அவுத்தான். கூடாரத்தைப் பிரிச்சான். சட்டியைக் கழுவினான். பாதி வெந்த சோத்தைக் கிரஹாம் வீட்டம்மா எடுத்துக்கிட்டாங்க. ஏன் இப்பவே வீட்டுக்குப் போறோம்னு மதி கேட்டுக்கிட்டே வந்தா. நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டனான்னு கேட்டா. 

மறுநாள் நாதன் வேலைக்குப் போனப்புறம் பொற்கொடி வந்து என் பக்கத்துல உக்காந்தா. 'மாமா, அத்தை இருந்தவரைக்கும் அவர் போனதில்ல. அத்தை போனப்புறம்தான். ஒரு வருஷம் வீட்டுல யார்கிட்டயும் பேசல. மதிகிட்டக்கூட. காரை நிறுத்திட்டு உள்ள வராம அதுலயே உக்காந்திருப்பார். கிரஹாம்தான் வந்து கூட்டிட்டுப் போனார். மலையில பகல் பூரா ஒரு வார்த்தை பேசாம நடப்பாங்களாம். அப்படி நடந்துதான் கொஞ்சம் கொஞ்சமா பழைய ஆளானார்'ன்னா.

'நடக்கதுக்கு மானைக் கொல்லணுமாம்மா?'ன்னு கேட்டேன். 

'மனசுல கஷ்டம்னா பெத்த அப்பன் நான் இருக்கேன், என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?'ன்னேன். அவ என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

பெறகு இன்னொண்ணும் சொன்னா. 'கிரஹாம் தன்கிட்ட இருந்த நல்ல பையைச் சும்மாவே குடுத்தார் மாமா. இவர் வேண்டாம்னுட்டார். அப்பாகிட்ட கேட்டு வாங்கிக்கிறேன்னார். அந்த ஒரு மாசம், நீங்க போனை வச்சப்புறம், அப்பா இப்படிச் சொன்னார், அப்பா அப்படிச் சொன்னார்னு வீடு பூரா உங்க பேச்சுத்தான்.'

பாத்தீங்களா? சும்மா கெடைச்ச பையை விட்டுட்டு, வேணும்னே என்கிட்ட வந்திருக்கான். எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்கான். எனக்கு இன்னும் வேதனையாப் போச்சு.

அந்த வாரக் கடைசியில கிரஹாமை வரச் சொன்னான். இரும்பு அலமாரியைத் தொறந்தான். நகை இல்ல, துப்பாக்கி. அதையும், பிரேமையும், ரெண்டு பையையும் அவரு வண்டியில ஏத்தினான். ஐஸ் பெட்டியைக் காலி பண்ணி அதையும் குடுத்தான். அவரு வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுதாரு. இவன் நிறுத்தல. கெளம்பும்போது கிரஹாம் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. கோவம்னா எனக்குப் புரியும். அது கோவம் மாதிரித் தெரியல.

எனக்கு நிம்மதியாத்தான் இருந்துது. பிள்ளை திருந்திட்டான். ஆனாலும் அந்த வீட்டுல இருக்கப் பிடிக்கல, டிக்கெட்டை முன்னால மாத்திக்கிட்டேன். ஏர்போர்ட்டுல நாதன் என் கால்ல விழுந்தான். விழுந்தவன் எந்திரிக்க நேரமாக்கிட்டான். பின்னால ஆளுங்க பெட்டியைத் தள்ளிக்கிட்டு நிக்காங்க. 'எந்திரிடே, வழியில கெடக்காத'ன்னேன். எந்திரிச்சான். முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.

அப்ப இருந்து அவன் பேசுததில்ல. பொற்கொடிதான் பேசுவா. மதி ரெண்டு வார்த்தை பேசுவா, அவளும் இப்ப யோசிச்சு யோசிச்சுத்தான் பேசுதா. இப்ப இந்த பஸ்ல பாபநாசத்துக்கு நான் போறது கோமதி திதிக்கு. போன மாசம் பொற்கொடி கேட்டா, 'திதிக்கு அவரை அனுப்பி வைக்கட்டுமா மாமா? வரணும்ங்கார்'ன்னு. 'அவ்வளவு தூரம் எதுக்கு அலையணும், நானே குடுத்துக்கிடுதேன்'னுட்டேன். அவனுக்கு லீவு கஷ்டம்லா. அவன் பக்கத்துலதான் இருந்திருப்பான் போல. 'சரிங்கார்'ன்னா.

போன வாரம் திரும்பவும் பேசினா. 'மாமா, அவர் சனிக்கிழமையானா மலைக்குப் போறார்'ன்னா. எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. திரும்பவும் ஆரம்பிச்சுட்டானான்னு கேட்டேன்.

'இல்ல மாமா. துப்பாக்கி இல்ல. கிரஹாமையும் கூப்பிடறதில்ல. ஒரு பை கூட இல்ல. வெறுங்கையோட போறார், இருட்டும்போது வாறார். எங்க போனீங்கன்னு கேட்டா, சும்மா நடந்தேங்கார்.'

அந்த மலையை நான் தூரத்துல இருந்து பார்த்திருக்கேன் தம்பி. நல்லா வெயிலடிக்கும், திரும்பிப் பாக்குததுக்குள்ள மழை கொட்டும், பெறகு பல்லைக் கிட்டுத குளிரு. 'தண்ணியாவது கொண்டு போறானா?'ன்னு கேட்டேன். இல்லைன்னா. 'மழைக் கோட்டு?' 'போட்டுக்கிட்டுப் போற சட்டைதான் மாமா.'  'மாமா, நீங்களா ஒரு தடவை அவருக்குப் போன் பண்ணி ஏதாவது பேசுங்களேன்'ன்னா.

நானா போன் பண்ணி என்னத்தைப் பேச? அவன்தான் எல்லாத்தையும் விட்டுட்டானே. இனி நான் சொல்லுததுக்கு என்ன இருக்கு?

ஆனா ஒரு வாரமா எனக்கு அதே யோசனை. ஒத்தை ஆளு ஒரு பகல் நடக்கதுக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். முதுகுல பாதிக்கு ஒரு சின்னப் பை. தண்ணிக்கு ஒரு எடம், ரெண்டு சப்பாத்திக்கு ஒரு எடம், மழைக் கோட்டை மடிச்சு வைக்க ஒரு எடம். நெஞ்சு வார்ல ஒரு விசில் தச்சிருக்கணும். கால் வழுக்கி விழுந்துட்டா ஊதலாம்லா, யாராவது வருவாங்கள்லா. எந்தத் துணி, எந்த ஜிப்பு, எல்லாம் மனசுக்குள்ள தச்சு முடிச்சுட்டேன். போனும் கையிலயேதான் வச்சிருக்கேன்.

அவன் கேக்கணும் தம்பி. ஒரே ஒரு வார்த்தை, எந்தப் பை வாங்கட்டும்ப்பான்னு அவன் கேட்டா, நான் சொல்ல மாட்டேனா?

கேக்க மாட்டேங்கான்.